முதலில் காலைப் பார்க்கிறேன், பந்தை அப்புறம்

அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், அணிகள் முறை வைத்துக் கல்லூரி வீரர்களை எடுக்கும் நிகழ்ச்சிதான் டிராஃப்ட். 2023 டிராஃப்ட்டின் முதல் நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வாஷிங்டன் 16-ஆவது இடத்தில் மிசிசிப்பி ஸ்டேட்டின் இம்மானுவேல் ஃபோர்ப்ஸை எடுத்தது. அடுத்த இடத்திலேயே நியூ இங்கிலாந்து ஆரிகனின் கிறிஸ்டியன் கோன்சாலஸை எடுத்தது. இரண்டு பேரும் கார்னர்பேக், அதாவது பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவரை ஒட்டி நின்று தடுப்பவர்கள். கல்லூரி வீரர்களை எடைபோட்டு நான் போடும் பட்டியலில் ஃபோர்ப்ஸ்தான் மேலே இருந்தார், அதனால் அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம். கல்லூரியில் 14 இண்டர்செப்ஷன், அதாவது எதிரணி வீசிய பந்தை 14 தடவை நடுவில் பிடித்திருந்தார், அதில் 6 தடவை பந்தைப் பறித்த கையோடு எதிர்முனை வரை ஓடி டச்டவுன் ஆக்கியிருந்தார். கல்லூரி ஃபுட்பாலின் மேல்தட்டில் அதற்கு முன் யாரும் அத்தனை முறை செய்ததில்லை. இதைவிட வேறென்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

முதல் சீசனிலேயே ஃபோர்ப்ஸை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இரண்டாவது சீசன் முடியும் முன்பே வாஷிங்டன் அவரை விட்டுவிட, ராம்ஸ் அணி எடுத்துக்கொண்டது. கோன்சாலஸ் 2024-இல், லீக்கின் சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-ப்ரோ பட்டியலின் இரண்டாவது அணியில் இடம் பிடித்தார்.

டிராஃப்ட்டுக்கு முன் வீரர்களை அளந்து, ஓட வைத்துப் பார்க்கும் கம்பைனில் ஃபோர்ப்ஸ் 166 பவுண்டுதான் இருந்தார், அதாவது 75 கிலோ. ஒல்லியாக இருக்கிறார், பெரிய ரிசீவர்கள் தள்ளிவிடுவார்கள் என்று பலரும் சொன்னார்கள், அது சரிதான். ஆனால் நான் கோட்டை விட்டது எடை விஷயத்தில் மட்டும் இல்லை. அந்த 14 பந்துகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன், மற்ற நூற்றுக்கணக்கான ஸ்னாப்களை, அதாவது பந்து ஆட்டத்துக்கு வந்த மற்ற தடவைகளை, பார்க்கவே இல்லை. இண்டர்செப்ஷன் பாதி, பந்தை வீசும் குவார்ட்டர்பேக் கொடுப்பது. அவர் தப்பாக வீச வேண்டும், இல்லையென்றால் பந்து யார் கையிலாவது பட்டுத் தெறிக்க வேண்டும். கார்னர்பேக் கையில் இருப்பது அதற்கு முந்தைய மூன்று விநாடிதான்.

அந்த மூன்று விநாடியைத்தான் டிவி காட்டுவதே இல்லை. ஒளிபரப்பு கேமரா குவார்ட்டர்பேக்கைச் சுற்றியே நிற்கும், ஸ்னாப் ஆனதும் கார்னர்பேக் திரையை விட்டுப் போய்விடுவார், பந்து வந்து சேரும் கடைசி நொடியில்தான் திரும்ப வருவார். நல்ல கார்னர்பேக் என்றால் அவர் பக்கம் பந்தே வராது, ஆக முழு ஆட்டத்திலும் அவர் கண்ணில் படவே மாட்டார். 22 பேரும் தெரிகிற மாதிரி உயரத்திலிருந்து எடுத்த காட்சி கிடைத்தால்தான் இந்த வேலையை ஒழுங்காகச் செய்ய முடியும். கல்லூரி ஆட்டங்களுக்கு அது நம்மைப் போன்றவர்களுக்கு லேசில் கிடைப்பதில்லை, கிடைக்கிற துண்டுகளை நான் விடுவதும் இல்லை.

இப்போது நான் முதலில் பார்ப்பது கால். ரிசீவருக்குக் கை எட்டும் தூரத்தில் நின்று ஆடும் ப்ரெஸ் ஆட்டத்தில், ஸ்னாப் ஆனதும் ரிசீவர் தலையை ஒரு பக்கம், தோளை ஒரு பக்கம் ஆட்டிப் போக்குக் காட்டுவார். பதறுகிற பையன் அப்போதே ஒரு காலைப் பின்னால் தூக்கி வைத்துவிடுவான், அங்கேயே ஆட்டம் முடிந்தது. நிதானமானவன் பாதங்களைச் சின்னச் சின்னதாக நகர்த்தியபடி காத்திருப்பான், ரிசீவர் உண்மையிலேயே ஒரு பக்கம் போகும் வரைக்கும் தன் இடுப்பைத் திருப்ப மாட்டான். அப்புறம் திருப்பும்போது அது ஒரே அசைவாக, வேகம் குறையாமல் இருக்க வேண்டும். இடுப்பு இறுகியவர்களுக்குத் திரும்புவதற்கே ஒரு எட்டு செலவாகும், அந்த எட்டை மீட்கத்தான் அவர்களுடைய ஓட்ட வேகம் முழுவதும் போகும்.

இதனால்தான் 40 யார்டு ஓட்டத்தை நான் தனியாக நம்புவதில்லை. 2022 கம்பைனில் பெய்லரின் கேலன் பார்ன்ஸ் 4.23 விநாடியில் ஓடினார், அப்படி ஒரு ஓட்டம் கம்பைன் நடக்கும் இண்டியானாபொலிஸில் எப்போதாவதுதான் நடக்கும். கரோலினா அவரை ஏழாவது சுற்றில், 242-ஆவது ஆளாகத்தான் எடுத்தது, அணியில் நிலைக்கவும் இல்லை. அதே வருடம் அதே மைதானத்தில் தாரிக் வூலன் 4.26 ஓடினார், உயரம் 6 அடி 4 அங்குலம். முன்பு ரிசீவராக இருந்து கார்னர்பேக்காக மாறியவர், ஆட்டம் இன்னும் பழுக்கவில்லை என்று எல்லா அணிகளும் தள்ளிவைக்க, ஐந்தாவது சுற்றில் சியாட்டில் எடுத்தது. முதல் சீசனிலேயே 6 இண்டர்செப்ஷன், லீக்கில் அதற்கு மேல் யாரும் எடுக்கவில்லை. இருவருக்கும் நடுவே வேறுபாடு 0.03 விநாடி. மீதி எல்லாம் அந்த உடம்பில், அந்த நீளக் கைகளில், சியாட்டில் அவரை ஆட வைத்த விதத்தில் இருந்தது.

கை நீளத்தையும் அளவுக்கு மீறி நம்பக் கூடாது. டிரென்ட் மெக்டஃபியின் கை 30 அங்குலம்கூட இல்லை, வெளிப்பக்கம் ஆட முடியாது, ஸ்லாட்டில் உள்ளே வைத்தால்தான் பிழைப்பார் என்று பேசினார்கள். கான்சஸ் சிட்டி இன்னொரு அணியோடு இடம் மாற்றி மேலே ஏறி வந்து 21-ஆவது இடத்தில் எடுத்தது, 2023-இல் ஆல்-ப்ரோ முதல் அணி. அவருடைய கல்லூரி ஆட்டத்தைப் பார்த்தால் கை குட்டை என்பதே தோன்றாது, ஏனென்றால் ரிசீவர் உடைத்துத் திரும்பும் இடத்துக்கு அவர் ஏற்கெனவே போய்விட்டிருப்பார்.

நிறைய பேர் கவனிக்காமல் விடுவது விதி வேறுபாடு. கல்லூரியில் பந்து வரும்போது ரிசீவரைத் தடுத்துப் பிடித்தால் அபராதம் அதிகபட்சம் 15 யார்டு. என்எஃப்எல்லில் தப்பு நடந்த இடத்திலேயே பந்தை வைப்பார்கள், 45 யார்டு தள்ளி நடந்தால் 45 யார்டும் போச்சு. கல்லூரியில் தோற்றுவிட்டோம் என்று தெரிந்ததும் சட்டையைப் பிடித்து இழுப்பது கணக்குப் பார்த்தால் லாபம். அதே பழக்கத்தோடு மேலே வந்தால் நடுவரின் அபராதக் கொடி மேல் கொடி விழும். போதாததற்கு என்எஃப்எல்லில் ஸ்னாப் ஆன கோட்டிலிருந்து 5 யார்டு தாண்டிய பிறகு கை வைத்தாலே தப்பு. அதனால் ஒரு பையன் கையை எப்போது நீட்டுகிறான் என்று எழுதி வைப்பேன். தோற்ற பிறகு மட்டும் நீட்டினால் கற்றுக்கொடுக்கலாம். ஒவ்வொரு ஸ்னாப்பிலும் நீட்டினால் அவனுக்குத் தன் காலில் நம்பிக்கை இல்லை.

கோடுகளும் வேறு. ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் பந்தை இரண்டு ஹாஷ் கோட்டுக்கு நடுவில்தான் வைப்பார்கள். கல்லூரியில் அந்த இரண்டுக்கும் நடுவே 40 அடி, என்எஃப்எல்லில் பதினெட்டரை அடி. கல்லூரியில் பந்து ஓரமாக வைக்கப்பட்டால் ஒரு பக்கம் ரொம்பக் குறுகிவிடும், அந்தப் பக்கம் நிற்கும் கார்னர்பேக்குக்கு எல்லைக்கோடே இன்னொரு ஆள் மாதிரி உதவும். என்எஃப்எல்லில் பந்து எப்போதும் கிட்டத்தட்ட நடுவில்தான், இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கும். மூன்று வருடமும் குறுகிய பக்கமே ஆடிய பையனின் எண்களை நான் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்வேன்.

எந்த வருட ஆட்டத்தைப் பார்ப்பது என்பதும் பெரிய கேள்வி. கார்னர்பேக் டெரெக் ஸ்டிங்லி எல்எஸ்யூ பல்கலைக்கழகத்தில் 2019-இல், முதல் வருடத்திலேயே, 6 இண்டர்செப்ஷன் எடுத்தார். பயிற்சியில் தினமும் எதிரே நின்ற ரிசீவர்கள், பின்னாளில் என்எஃப்எல் நட்சத்திரங்களான ஜமார் சேஸும் ஜஸ்டின் ஜெஃபர்சனும். அப்புறம் காயங்கள், 2021-இல் மூன்றே ஆட்டம். ஹூஸ்டன் அந்த முதல் வருடத்தை நம்பி 2022-இல் 3-ஆவது இடத்தில் எடுத்தது, அடுத்த இடத்தில் ஜெட்ஸ் அணி இன்னொரு கார்னர்பேக்கான சாஸ் கார்ட்னரை எடுத்தது. கார்ட்னர் முதல் வருடமே கொண்டாடப்பட்டார், ஸ்டிங்லிக்குத் தொடக்கம் காயத்திலேயே போனது, 2024-இல் அவரும் ஆல்-ப்ரோ முதல் அணி. உச்சத்தில் ஒருவன் என்ன செய்தான் என்பது பொய் ஆகாது, உடம்பு அங்கே திரும்பப் போகுமா என்பதுதான் கேள்வி, அதற்கு விடை என் திரையில் கிடைக்காது, அணி மருத்துவர்களிடம்தான்.

யானைக்கும் அடி சறுக்கும், எந்த கார்னர்பேக்கும் டச்டவுன் கொடுக்காமல் இருக்க முடியாது. ஆகவே இப்போது நான் வேண்டுமென்றே தோற்ற ஸ்னாப்களைத் தேடிப் பார்க்கிறேன், அதைவிட முக்கியமாக அதற்கு அடுத்த ஸ்னாப்பை. தலைக்கு மேல் ஒரு நீளப் பந்து போய் டச்டவுன் ஆகிவிட்டது, எதிரணி அடுத்த முறை பந்தோடு வருகிறது, அந்தப் பையன் எங்கே நிற்கிறான்? முன்பு ரிசீவருக்கு ஒரு யார்டு எதிரே நின்றவன் இப்போது ஏழு யார்டு பின்னால் போய் நிற்கிறானா? பயிற்சியாளர் மாற்றச் சொல்லியிருக்கலாம், அதனால் எதிர்ப்பக்கம் இருக்கும் கார்னர்பேக்கும் பின்வாங்கியிருக்கிறாரா என்று சேர்த்துப் பார்ப்பேன். இவன் மட்டும் போயிருந்தால் மிச்ச ஆட்டம் முழுவதும் பார்க்கிறேன், எப்போது திரும்ப முன்னால் வருகிறான் என்று. வராமலே ஆட்டம் முடிந்தால், அவனிடம் எத்தனை இண்டர்செப்ஷன் இருந்தாலும் என் பட்டியலில் கீழே இறக்குகிறேன்.