மூடுபனிக்குள் சூரியனைப் பிடித்த டிஷ்

ஊட்டிக்குப் பக்கத்தில் உள்ள முத்தோரை ரேடியோ தொலைநோக்கியைப் பள்ளியில் அழைத்துப்போய்க் காட்டிய நாளிலிருந்தே, சூரியனின் ரேடியோ அலையை நானே பிடித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970-இல் கட்டி முடித்தது. அது நிற்கும் மலைச்சரிவு சுமார் 11 டிகிரி. ஊட்டியின் அட்சரேகையும் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், மணிக்கணக்கில் வானத்தைத் தொடரலாம். வானில் தூரத்தில் ரேடியோ அலை உமிழும் பொருட்களின் அலைகள், சூரியனிலிருந்து வெளியே பாயும் துகள்களான சூரியக் காற்றைக் கடந்து வரும்போது மினுக்கும். அந்த மினுக்கலை வைத்து அங்கே சூரியக் காற்றை ஆராய்கிறார்கள்.

என்னிடம் இருந்தது கோத்தகிரி வீட்டு மாடியில் சும்மா கிடந்த 60 சென்டிமீட்டர் டிடிஎச் டிஷ். கூடவே அதன் எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு, குவியும் அலையை வாங்கும் பகுதி), பழைய யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய 12 வோல்ட் பேட்டரி. டிஷ் பொருத்த வரும் அண்ணன் தன் பழைய சாட்டிலைட் ஃபைண்டரைக் கொடுத்தார். வரும் அலையின் பலத்தை முள்ளாலும் பீப் சத்தத்தாலும் காட்டும் சின்ன மீட்டர் அது.

முதல் இரண்டு நாள் முள் அசையவே இல்லை. எல்என்பி போய்விட்டது என்றே நினைத்தேன். மூன்றாம் நாள் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கேபிளின் வலைக்கம்பியில் ஒரே ஒரு இழை, தலைமுடி அளவுதான், நடுச் செம்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. நகவெட்டியால் நறுக்கியதும் பீப் வந்தது.

அடுத்து தெற்கே உயரத் திருப்பியபோது முள் கடைசிக்கே ஓடியது. சூரியன் கிடைத்துவிட்டது என்று அம்மாவைக் கூப்பிட்டேன். அண்ணன் வந்து அரை மணி நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, இது சாட்டிலைட். ஆடாம நிக்குது பாருங்க” என்றார். சூரியன் என்றால் நகர்ந்து போயிருக்கும். அன்றிலிருந்து, நகர்கிறதா என்று பார்க்காமல் எதையும் நான் நோட்டில் எழுதுவதில்லை.

இந்த வகை டிஷ்ஷில் அதன் முகம் ஒரு பக்கம் இருக்கும், அது வாங்கும் திசை இருபது டிகிரிக்கும் மேலே இருக்கும். கண்மதிப்பு உதவாது. அதனால் நாலு சின்னக் கண்ணாடிச் சில்லுகளை டிஷ்ஷில் அங்கங்கே ஒட்டினேன். நாலு வெளிச்சப் பொட்டும் எல்என்பியின் வெள்ளை மூடியில் ஒன்றாகச் சேர்ந்தால் டிஷ் சூரியனைப் பார்க்கிறது என்று அர்த்தம். சூரியனை நேராகப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, பார்க்கவும் கூடாது. டிஷ் முழுவதும் பளபளப்புத் தாளும் ஒட்டிவிடாதீர்கள், குவியும் வெயிலில் எல்என்பி உருகிவிடும்.

பொங்கலுக்கு மறுநாள், நல்ல வெயில். வெறும் வானத்தில் முள் 2-இல் நிற்கும்படி குமிழைத் திருகி வைத்தேன். சூரியனில் 6. அப்புறம் டிஷ்ஷை எதிரே இருந்த சுவருக்குத் திருப்பினால் அதற்கும் ஏறக்குறைய 6! எல்என்பிக்கு முன்னால் அம்மா கையை நீட்டியதும் மீட்டர் கத்தியது. “சுவரும் என் கையும் சூரியன் மாதிரியா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் டிஷ் ஒரே நேரத்தில் பார்ப்பது வானத்தில் சுமார் 3 டிகிரி அகலம். சூரியனின் அகலம் அரை டிகிரி. பரப்பில் முப்பதில் ஒரு பங்கைத்தான் அது அடைக்கிறது. இந்த அலைவரிசையில், அதாவது 11 கிகாஹெர்ட்ஸ் வாக்கில், சூரியன் சுமார் 10,000 கெல்வின் சூட்டில் தெரியும். முப்பதால் வகுத்தால் முந்நூற்றுச் சொச்சம். சுவரும் கையும் முந்நூறு கெல்வினை ஒட்டியவை. ஆனால் டிஷ்ஷின் பார்வை முழுவதையும் அடைத்துக்கொள்கின்றன. அம்மா கேட்டது சரியான கேள்விதான்.

மறுநாள் டிஷ்ஷைத் தொடவில்லை. முந்தைய நாள் காலை பத்தரைக்குச் சூரியன் எங்கே இருந்ததோ அங்கேயே அது பார்த்துக்கொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து ஒரே மிஸ்ட். முற்றத்து சில்வர் ஓக் மரமே தெரியவில்லை, வானம் எந்தப் பக்கமும் ஒரே சாம்பல். போனை மீட்டருக்கு நேரே வைத்து வீடியோவை ஓடவிட்டேன். பத்தேகால் தாண்டியதும் முள் 2-ஐ விட்டு எழுந்தது. மெல்ல 3, 4, பத்தரைக்கு 6. பிறகு வந்த வழியே இறங்கியது.

கன்னத்தில் ஒட்டிய மிஸ்ட் ஈரத்தைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். மிஸ்ட்டின் துளிகள் கண்ணுக்கே தெரியாத பொடி. இந்த அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டருக்கும் மேல். அது பெரிதாகக் குறையாமல் கடந்துவிடுகிறது. வீடியோவை நிமிடத்துக்கு நிமிடம் நிறுத்தி எண்ணினால், முள் பாதி உயரத்துக்கு மேல் இருந்தது 12 நிமிடம். ஜனவரியில் சூரியன் மணிக்குச் சுமார் 14 டிகிரி நகர்கிறது, எனவே 2.8 டிகிரி. இந்த மீட்டர் அவ்வளவு துல்லியமானது இல்லை என்றாலும், முதல் நாள் கணக்கும் இதுவும் கைகோத்துக்கொண்டன.

கனமழையில் கதை வேறு. ஒரு மாலை நல்ல மழை, வெறும் வானத்திலேயே முள் 2-லிருந்து 3-க்கு ஏறியது. மழைத்துளிகள் அலையை உறிஞ்சுவதோடு தாங்களும் கொஞ்சம் உமிழ்கின்றன.

இந்த டிஷ் சொல்வது சூரியனின் கண்ணுக்குத் தெரியும் பரப்புக்குச் சற்று மேலே உள்ள நிறமண்டலம் என்ற அடுக்கைப் பற்றி மட்டும்தான். அதற்கும் வெளியே இருக்கும் பத்து லட்சம் டிகிரி வளிமண்டலமான கொரோனாவைப் பிடிக்க மீட்டர் நீள அலைகளுக்குப் போக வேண்டும். 1942 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ராடார்களில் புகுந்த இரைச்சலை எதிரியின் வேலை என்று எல்லோரும் நினைத்தபோது, அது சூரியனிலிருந்து வருகிறது என்று பிரிட்டிஷ் இயற்பியலாளர் ஜே. எஸ். ஹே கண்டுபிடித்தது 4 முதல் 6 மீட்டர் அலைகளில்தான். சூரியனில் வெடிப்பு நிகழும்போது ஒளியின் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கில் பாயும் எலக்ட்ரான்கள், கொரோனாவின் அடர்த்தி குறையக் குறைய, உயர் அதிர்வெண்ணிலிருந்து தாழ் அதிர்வெண்ணுக்குச் சில நொடிகளில் இறங்கும் ரேடியோ இரைச்சலைத் தருகின்றன. அதைக் கேட்டே ஆக வேண்டும்.

அதற்கான 20 மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு (நடுவில் கேபிள் இணைத்த நேர்க்கம்பி ஆன்டெனா) 7 மீட்டருக்குச் சற்று அதிகமான கம்பி போதும். இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இடம் அளந்து வைத்திருக்கிறேன். அதற்கு முன் மார்ச் நடுவில் ஒரு வேலை இருக்கிறது. அப்போது சூரியன் நம் டிவி சாட்டிலைட்களுக்குப் பின்னால் கடந்து போகும், சில நிமிடங்கள் படம் உடையும். அந்த நாட்களில் முள் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க, டிஷ்ஷை மறுபடி தெற்கே உயரத் திருப்பி வைக்கப்போகிறேன்.