லோடருக்கு ஃபோர்க் தேடுறன்

மாசி 8, ஞாயிறு

வெங்காயம் கிண்டத் தொடங்க முதல் உந்த ஃபோர்க் விசயத்தை, அதுதான் சாமானுக்கு அடியில விட்டுத் தூக்கிற ரெண்டு இரும்பு விரல், முடி எண்டு மாமா ஒற்றைக்காலில நிக்கிறார். குட்டி ட்ரக்டரின்ர லோடருக்கு, முன்னால இருக்கிற தூக்கிற கைக்கு, இப்ப மண் அள்ளுற பக்கற் மட்டும்தான் இருக்கு, உரம், விதைக்கிழங்கு, சீமெந்து எல்லாம் லொறியில இருந்து ஆக்களின்ர முதுகிலதான் இறங்குது, எங்கட ஒழுங்கைக்குள்ள ஃபோர்க்லிஃப்ட் வரவும் ஏலாது, வந்தாலும் மண்ணில நிக்காது. பக்கற் உதட்டில கிளாம்ப் போட்டு இறுக்கிற ஃபோர்க் மலிவு, அதை வாங்கன் எண்டு அத்தான் போனில சொன்னவர். மலிவுதான். ஆனா பக்கற்றின்ர பாரத்தையும் சேத்துத் தூக்கோணும், சாமான் இன்னும் முன்னுக்குத் தள்ளிப்போகும், கொஞ்ச நாளில உதடும் வளைஞ்சிடும். எனக்கு வேண்டாம்.

மாசி 10

லோடரின்ர புத்தகத்தை எடுத்துப் பாத்தன். தூக்கிற பாரம் பக்கற் கொழுவுற ஆணியில 510 கிலோ, ஆணிக்கு முன்னால 500 மில்லிமீற்றரில 380 கிலோ. விக்கிறவை எப்பவும் முதல் கணக்கைத்தான் சொல்லுவினம். தண்ணி வாளியை நெஞ்சோட அணைச்சுப் பிடிக்கிறதுக்கும் கையை நீட்டிப் பிடிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம்தான், வேறொண்டுமில்லை. 1200க்கு 1000 மில்லிமீற்றர் பலட் ஒண்டை, அதுதான் சாமான் அடுக்கிற மரத்தட்டு, 1200 பக்கத்தால குத்தினா பாரத்தின்ர நடு ஃபோர்க்கின்ர குதியில, அது வளையிற மூலையில, இருந்து 500இல வரும், 1000 பக்கத்தால எண்டா 600, அதோட ஃபோர்க்கைக் கொழுவுற ஃப்ரேமும் ஒரு சாண் இடம் பிடிக்கும். ஃபோர்க்கும் ஃப்ரேமுமா 110 கிலோ எண்டா உச்சிக்குத் தூக்கேக்க அஞ்சு மூட்டை சீமெந்தே இழுபறி. 150 கிலோ செற் எண்டா நாலு மூட்டைதான். ரெண்டு தொன் தாங்கும் எண்டு தடிச்ச ஃபோர்க்கைக் காட்டுறாங்கள், தாங்கட்டும், எங்கட லோடர் அதில கால்வாசியும் தூக்காதே!

மாசி 13, வெள்ளி

சுன்னாகத்துப் பக்கம் ஒரு வெல்டிங் கடை. அண்ணை நல்ல வேலைக்காரன், "தம்பி, ரெண்டு சி இரும்பை ஒட்டித் தாறன், யானையும் ஏறி நிக்கும்" எண்டார். யானை நிக்கும், நான் பக்கத்தில நிக்க மாட்டன். ஃபோர்க் ஒரே இரும்பைச் சுட்டு வளைச்சுச் செய்யிறது, குதியில ஒட்டுப் போட்டா வெடிப்பு உள்ளுக்க ஓடிச் சொல்லாமக் கொள்ளாம முறியும். கடைசியில இப்படிக் கதைச்சு முடிச்சம்: ஃப்ரேம் அண்ணை அடிக்கிறது, ஃபோர்க் ரெண்டும் கொழும்பு பஞ்சிகாவத்தையில பழசு எடுக்கிறது. ஃபோர்க்கின்ர கொழுவுற அளவைக் கிளாஸ் எண்டு பிரிச்சிருக்கு, கிளாஸ் 2 எண்டா ஃப்ரேமின்ர உயரம் 407 மில்லிமீற்றர், கிளாஸ் 1 எண்டா 331, அதை மாறி அடிச்சா ஃபோர்க் கொழுவாது, அண்ணையின்ர கொப்பியில பெரிசா எழுதிக் குடுத்திட்டு வந்தனான்.

பழசு எடுக்கேக்க பாக்க வேண்டியது குதி. நிமிந்து நிக்கிற பக்கம் தேயிறதில்லை, அதின்ர தடிப்பை அளந்து குதியின்ர தடிப்போட ஒப்பிடோணும், 10 வீதம் தேஞ்சிருந்தா எறிஞ்சிடு எண்டுதான் கணக்கு, ஏனெண்டா தாங்குற பலம் அப்பவே 20 வீதம் போயிடும். பெயின்ற் புதுசா அடிச்சு வச்சிருந்தா இன்னும் கிட்டப் போய்ப் பாக்கோணும்.

மாசி 17

நீளம் 42 அங்குலம், முடிவு. 48 எடு, பிறகு உதவும் எண்டு எல்லாரும் சொல்லினம். 42 எண்டா 1067 மில்லிமீற்றர், 1000 ஆழப் பலட்டுக்குத் தாராளம், 48 எண்டா மற்றப் பக்கத்தால நுனி வெளிய நீட்டிப் பின்னால நிக்கிற மூட்டையைக் கிழிக்கும், இல்லாட்டி மதிலைக் குத்தும். நீளமான அடிக்கட்டை வச்ச பலட்டுக்கு 1000 பக்கத்தால மட்டும்தான் விடலாம், அதுக்கும் முக்கால்வாசிக்கு மேல உள்ளுக்க போகும், காணும்.

மாசி 19

பின்னுக்குப் பாரம் இல்லாட்டி இவ்வளவு கணக்கும் வீண். முன்னால தூக்கத் தூக்கப் பின் சில்லு லேசாகும், இப்படியான ட்ரக்டர் கனக்கவுக்கு பிரேக் பின் சில்லிலதான், பிறகு என்னத்தைப் பிடிக்கிறது. மண் கிளறுற ரொட்டவேற்றரைக் கழட்டாமல் பின்னுக்கே விடுறன், பின் ரயருக்குள்ள முக்கால்வாசிக்குத் தண்ணியும் விடலாம். தண்ணி கட்டின செம்பாட்டு மண்ணுக்க சுமையோட இறங்கிறதில்லை எண்டும் மாமாவிட்டச் சொல்லிப்போட்டன். இன்னொண்டு, லோடரைத் தூக்க நுனி தானா மேல பாக்கும், சாய்வைத் திருத்தாமல் உயத்தினா மூட்டை சறுக்கி ஓடுறவரின்ர மடியிலதான் விழும். தம்பி ஓடுறதெண்டா முழங்காலுக்கு மேல தூக்கக்கூடாது.

மாசி 22, ஞாயிறு

மெல்லிய செற் ஒண்டு கிடைச்சிருக்கு, குதியை அளந்து படம் அனுப்பினவங்கள், 4 வீதம்தான் தேய்வு. லொறியில போடச் சொல்லிட்டன். விலை எழுதேல்ல, இதை வீட்டிலயும் வாசிக்கினம். ஃப்ரேம் புதன்கிழமை எண்டு அண்ணை சொல்றார், அவரின்ர புதன் எந்தக் கிழமை எண்டு பாப்பம். வெள்ளிக்கிழமை உரம் வருது.