ஊருக்குப் போன பிள்ளைத்தாய்ச்சி

மும்பை தாராவித் தமிழ் வீடுகளில் தலைப்பிரசவம் இன்றும் பெரும்பாலும் அம்மா வீட்டில்தான். வளைகாப்பு முடிந்த கையோடு திருநெல்வேலிக்கோ விழுப்புரத்துக்கோ ரயிலேறினால், பிள்ளைக்கு மூன்று, நான்கு மாதமான பிறகுதான் திரும்புவார்கள். வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளரின் நோட்டில் அந்தப் பெயருக்கு நேரே 'ஊருக்குப் போயாச்சு' என்று ஒரு வரி விழும். அதோடு அந்தப் பெயர் காணாமல் போய்விடும்.

பணியாளர்களை வலுப்படுத்துவது என்றாலே பேச்சு பயிற்சிக்கும் சீருடைக்கும் போய்விடுகிறது. எனக்கு இந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது.

முதலில் எண்ணிக்கை. தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் கணக்குப்படி ஓர் ஆஷாவுக்கு, அதாவது வீடு வீடாக வரும் இந்தப் பணியாளருக்கு, 200 முதல் 500 வீடுகள். தாராவிச் சந்தில் 'வீடு' என்பது எது? கீழே ஒரு குடும்பம், செங்குத்தான இரும்பு ஏணிக்கு மேலே வாடகைக்கு இன்னொன்று, இரண்டுக்கும் ஒரே கதவு எண். மேல்வீடு பட்டியலில் வராது. அடிக்கடி ஆள் மாறுவதும் அங்கேதான். கதவு எண்ணோடு 'ஏணி மேல்' என்று தனி வரி போடாத பட்டியல், விடுபடக் கூடாதவர்களைத்தான் விடும்.

அடுத்தது காசு. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் போய்ப் பார்க்க வேண்டும். ஆறு முறை ஏணி ஏறினால் ஆஷாவுக்கு 250 ரூபாய். அதுவும் 42 நாள் முடிந்து, எடை பதிவாகி, தடுப்பூசி போட்டு, பிறப்பும் பதிவான பின்தான். இருபதாம் நாள் குடும்பம் இடம் மாறினால் அதுவரை நடந்த நடை வீண். ஒவ்வொரு நடைக்கும் அன்றன்றே கணக்கு வைப்பதுதான் நியாயம். மும்பை மாநகராட்சியில் இதே வேலையைச் செய்பவர்களுக்குத் 'தன்னார்வலர்' என்று பெயர். அப்படிப் பெயர் வைத்துவிட்டால் சம்பளம் என்ற சொல்லே தேவைப்படாது, பாருங்கள்.

வேலையின் நுணுக்கம் பலருக்குத் தெரியாது. தொங்கு தராசில் முதலில் வெறும் துணியை மாட்டி முள்ளைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதை மறந்தால் துணியின் எடையும் பிள்ளை கணக்கில் சேர்ந்து, 2.4 கிலோ பிள்ளை 2.5-ஐத் தாண்டியதாகக் காட்டும். எடை குறைந்த பிள்ளைக்கான கூடுதல் கவனிப்பு கிடைக்காமல் போகும். மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது சரிவராது, பச்சைக் குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. 60-ஐத் தொட்டால் மறுபடி எண்ணி, அப்போதும் குறையாவிட்டால் உடனே சயான் ஆஸ்பத்திரி.

ஊருக்குப் போகிறவருக்கு என்ன செய்யலாம்? பரிசோதனையும் தடுப்பூசியும் குறிக்கும் தாய்சேய் அட்டையைத் துணிப்பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வைக்கச் சொல்ல வேண்டும். அட்டையின் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்துவிட வேண்டும். போய் இறங்கிய வாரமே ஊர் கிராம சுகாதார செவிலியரைப் பார்த்துப் பதிய வேண்டும். தடுப்பூசிக்கான யூ-வின் என்ற அரசு இணையப் பதிவு நாடு முழுக்க ஒன்றே, ஆனால் அது போன் எண்ணைப் பிடித்து ஓடுவது. ஊரில் தாத்தா எண்ணும் இங்கே அப்பா எண்ணும் கொடுத்தால் ஒரே பிள்ளை இரண்டு பிள்ளையாகிவிடும்.

திரும்பி வந்ததைச் சொல்ல பக்கத்து வீட்டு மதினியை விட நல்ல ஆள் கிடையாது. பிரசவத் தேதிக்கு மூன்று மாதம் கழித்து அவரிடம் கேட்க நோட்டில் குறித்து வைக்கலாம். வந்ததும் அட்டையில் முதலில் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி கட்டத்தைப் பாருங்கள். காலியாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு வயதுக்குள் போடலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி கட்டம் காலியென்றால் அந்தத் தவணை போனதுதான். ஆறாவது வாரத்தில் தொடங்க வேண்டிய பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியை மேலும் தள்ளாமல் அந்த வாரமே போடச் சொல்லுங்கள்.