டிசம்பரில் ஆயர் வீடு

நவம்பர் கடைசி வாரத்திலேயே ஆயர் (சபையின் பாஸ்டர்) வீட்டுச் சுவரில் இரண்டு அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட வேண்டும். ஒன்று கேரல் ரவுண்ட்ஸ், அதாவது பாடகர் குழு இரவில் வீடு வீடாகப் போய்க் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடுவது, இன்னொன்று பிள்ளைகளின் அரையாண்டுத் தேர்வு. சென்னையில் இரண்டும் பெரும்பாலும் டிசம்பர் இரண்டாம் வாரம் தொடங்கி 23ஆம் தேதி வாக்கில் முடியும். கணக்குப் பரீட்சைக்கு முந்தின இரவு பாடகர் குழு எந்தத் தெருவில் இருக்கும் என்று அப்போதே பார்த்துவிட்டால், அன்றைக்குக் கூடுவதும் கலைவதும் சபைச் செயலர் வீட்டில் என்று பேசி முடித்துவிடலாம். டிசம்பர் 10க்குப் பிறகு கேட்டால் மாற்றமும் நடக்காது, மனத்தாங்கலும் வரும். ஆயர் அம்மா, அதாவது ஆயரின் மனைவி, பள்ளி ஆசிரியையாக இருந்தால், பல வீடுகளில் அப்படித்தான், மூன்றாவது அட்டவணை ஒன்றும் உண்டு. அதே வாரங்களில் அவர் விடைத்தாள் திருத்த வேண்டும். ஒவ்வொரு இரவும் அம்மாவும் கூட வர வேண்டும் என்று சபை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வாரத்தில் இரண்டு இரவு வருவார் என்று கமிட்டியில் முதலிலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலானவர்கள் புரிந்துகொள்வார்கள். சொல்லாமல் விட்டு, மூன்றாம் நாள் வராமல் இருப்பதுதான் பேச்சுக்கு இடம் கொடுக்கும்.

ஆயர் இல்லம் அநேகமாகக் கோயில் வளாகத்துக்குள்ளேயே இருக்கும். முன்னறைதான் அலுவலகம். டிசம்பரில் அங்கே வந்து உட்காருகிறவர்கள் எல்லோரும் கிறிஸ்மஸ் வேலையாக வருவதில்லை. தை மாதத்தில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் ஓலை, அதாவது கோயிலில் வாசிக்க வேண்டிய திருமண அறிவிப்பு, கொடுக்க வருவார்கள். எல்கேஜி சேர்க்கைக்கு விண்ணப்பம் போடும் பெற்றோர் ஞானஸ்நானச் சான்றும் சபை அங்கத்தினர் கடிதமும் கேட்டு வருவார்கள். கடிதத்தை மறுநாள் கொடுத்தாலும் பாதகமில்லை, ஓலையைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை வேறு சபை என்றால் அங்கேயும் வாசித்து, அந்த ஆயரின் கடிதம் வந்து சேர வேண்டும். ஜனவரி மூன்றாம் வாரத்தில் கல்யாணம் என்றால் டிசம்பர் 20க்குள் படிவம் கையில் இருந்தால்தான் நிதானமாக நடக்கும். முகூர்த்த நேரம் குறித்துக்கொண்டு வருகிறவர்களிடம், 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் பொதுவாகக் காலை 6 முதல் மாலை 7 வரை என்று நேரம் வகுத்திருப்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். வாசல் அருகே ஒரு நோட்டு இருக்கட்டும். யார், எதற்கு, எந்தத் தேதிக்குள் என்று மூன்று கோடு போட்டு வைத்தால், கதவைத் திறப்பது எட்டாம் வகுப்புப் பிள்ளையாக இருந்தாலும் எழுதி வைத்துவிடும். படிவத்தை வேதாகமத்துக்குள் செருகி வைப்பது வழக்கம். இரண்டாம் ஓலையின் ஞாயிறு தவறிப்போவது அப்படித்தான்.

கேரல் ரவுண்ட்ஸின் கணக்கு எளிது, ஆனால் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. இரவு 7 மணிக்குத் தொடங்கி 10க்கு முடித்தால் 180 நிமிடம். ஒரு பாட்டு, ஒரு வசனம், ஒரு ஜெபம், அடுத்த வீட்டுக்கு நடை என்று வீட்டுக்கு 12 நிமிடம் வைத்தால் 15 வீடு. சபையில் 300 குடும்பம் என்றால் 20 இரவு வேண்டும். கையில் இருப்பது பத்துப் பன்னிரண்டுதான். அதனால் குழுவை இரண்டாகப் பிரிக்க வேண்டும், அல்லது ஒரு சந்துக்கு ஒரு வீடு என்று கூட்டிப் பாட வேண்டும். ஆயர் ஒரு குழுவோடுதான் போக முடியும். எந்த வீடுகளுக்கு ஆயர் கட்டாயம் போக வேண்டும் என்பதை வசதியும் செல்வாக்கும் தீர்மானித்துவிடாமல் பார்த்துக்கொள்வது இந்த வேலையிலேயே முக்கியமானது என்று தோன்றுகிறது. அந்த ஆண்டு துக்கம் கண்ட வீடு, படுக்கையில் ஆள் இருக்கும் வீடு, புதிதாகச் சபையில் சேர்ந்த வீடு, தலை கிறிஸ்மஸ் கொண்டாடும் வீடு என்று பட்டியல் போடலாம். துக்க வீட்டில் வாசலில் ஸ்டார் தொங்காது. அதைப் பார்த்துத் தாண்டிப் போய்விடுகிற குழுக்கள் உண்டு, அது பெரிய தவறு. டிரம்மையும் கிறிஸ்மஸ் தாத்தாவையும் தெருமுனையில் நிறுத்திவிட்டு, நான்கைந்து பேர் மட்டும் உள்ளே போய், மெதுவான பாட்டு ஒன்றைப் பாடி, போனவரின் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டு வர வேண்டும். அந்த வீட்டுக்கு 12 நிமிடக் கணக்கு கிடையாது.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. அதற்குப் பிறகு கிட்டாரும் கைத்தட்டலும் போதும். அடுக்ககங்களில் சங்கத்திடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி, கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஒரே தடவை பாடிவிட்டு மாடிக்கு ஆயரும் இருவரும் மட்டும் போகலாம். இருபத்தைந்து பேர் லிஃப்ட்டுக்குக் காத்திருப்பதில்தான் அரைமணி போகும். எல்லா வீட்டிலும் கேக்கும் டீயும் கொடுப்பார்கள். பதினைந்து வீட்டில் பதினைந்து டீ குடித்தால் சர்க்கரை உள்ள ஆயரின் நிலை என்னாகும்? தொடக்கத்தில் ஒரு வீட்டில் டீ, கடைசி வீட்டில் இரவு டிபன், நடுவில் கொடுப்பதைப் பொட்டலமாக வாங்கிக்கொள்வது என்று குழுத் தலைவரே சொல்லிவிட வேண்டும். ஆயர் தன் வாயால் வேண்டாம் என்றால் வீட்டார் முகம் வாடும். தொண்டையும் அப்படித்தான். 24 இரவு தொடங்கி ஜனவரி 1 வரை குறைந்தது ஐந்து ஆராதனை இருக்கிறது. கேரலில் ஆயர் எல்லாப் பாட்டையும் உரக்கப் பாட வேண்டியதில்லை, ஜெபம் மட்டும் போதும். பிளாஸ்க்கில் சுக்கு, மிளகு, கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர் கையில் இருக்கட்டும்.

கேரல் காணிக்கைக் கவர்கள் ஒரு இரவுகூட ஆயர் வீட்டில் தங்கக் கூடாது. கடைசி வீட்டிலேயே இருவர் எண்ணி, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பொருளாளரிடம் கொடுத்துவிட வேண்டும். சந்தேகம் வந்த பிறகு விளக்கம் சொல்வதைவிட இது சுலபம்.

சென்னையின் குளிர்காலம் மழையோடு வருவது. 2015 டிசம்பர் 1, 2 வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா, 2023 டிசம்பர் 3, 4 மிக்ஜாம், மூன்றும் கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலத்துக்குள்ளேயே வந்தவை. ஆகவே வளாகத்தில் ஸ்டார் கட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டியது பதிவேடுகளை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றின் பழைய நோட்டுகளும் அநேகமாக ஆயர் வீட்டு இரும்பு பீரோவின் அடித்தட்டில் இருக்கும், கனம் அதிகம் என்பதால். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், வியாசர்பாடி போன்ற தாழ்வான பகுதிகளில் முதலில் நனைவது அந்த அடித்தட்டுதான். அக்டோபரிலேயே அவற்றைப் பருத்தித் துணியில் சுற்றி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, நெஞ்சு உயரத்துக்கு மேல் ஏற்றிவிட வேண்டும். நனைந்துவிட்டால் பக்கங்களை இழுத்துப் பிரிக்கக் கூடாது, கிழியும். வெயிலில் போடவும் கூடாது, தாள் சுருண்டு மொரமொரக்கும். பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் வைத்து, மின்விசிறிக்கு அடியில் நிறுத்தி, தாள் ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். செய்தித்தாள் வைத்தால் அதன் மை ஒட்டும். 48 மணி நேரத்துக்குள் தொடங்காவிட்டால் பூஞ்சை பிடித்துவிடும். ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறைக்கு வேறெங்கும் இல்லாத சாட்சி அந்த நோட்டில் இருக்கிறது. அதைக் காப்பதும் ஊழியம்தான்.

புயல் அறிவிப்பு வந்தால் கோயில் ஹாலைத் திறக்கச் சொல்லி முதல் போன் ஆயர் வீட்டுக்குத்தான் வரும். டிசம்பர் முழுவதும் நிரம்பிய சிலிண்டர் ஒன்று கூடுதலாக இருக்கட்டும். 50 பேருக்குச் சாம்பார் சாதம் என்றால் அரிசி 4 கிலோ, துவரம்பருப்பு 2 கிலோ. கைவசம் இவ்வளவு இருந்தால் முதல் நேரச் சாப்பாடு சமாளிக்கும், அதற்குள் சபையார் வந்துவிடுவார்கள்.

அங்கிக்கும் மழைக்கும் ஆகாது. வெள்ளை அங்கி குறைந்தது இரண்டு வேண்டும். துவைத்ததை ஹேங்கரில் மாட்டி ஃபேனுக்கு அடியில் இரண்டு நாள் காயவிட வேண்டும். ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டு மடித்துவைத்தால் ஈர வாடை வரும், கருப்புப் புள்ளியும் விழும். பைக்கில் போகும்போது அங்கியைப் பையில் எடுத்துப் போவதே சரி. சேறு தெறிப்பது ஒருபுறம், கீழ்விளிம்பு சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

திருவிருந்துக்கான திராட்சை ரசத்தை வீட்டிலேயே தயாரிக்கும் சபைகளில் அந்தப் பொறுப்பு ஆயர் அம்மாவுக்கோ பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கோ வரும். சிறு கிண்ணம் ஒன்றுக்கு 10 மில்லி என்றால் 600 பேருக்கு 6 லிட்டர். ஒரு கிலோ பன்னீர் திராட்சையைக் காம்பு நீக்கி உப்புத் தண்ணீரில் கழுவி, அரை லிட்டர் தண்ணீரோடு மிதமான தீயில் 15 நிமிடம் வைத்தால் தோல் வெடிக்கும். கரண்டியால் மசித்து, துணியில் வடிகட்டி, 150 கிராம் சர்க்கரை சேர்த்து இன்னொரு கொதி விட்டால் ஏறக்குறைய ஒரு லிட்டர் வரும். மிக்ஸியில் அடித்தால் கொட்டை உடைந்து துவர்க்கும். அலுமினியப் பாத்திரம் ஆகாது, திராட்சையின் புளிப்பு அதை அரிக்கும், எவர்சில்வர்தான் வேண்டும். பாட்டிலைக் கொதிநீரில் கழுவி, ஈரமில்லாமல் காய வைத்து, ரசம் சூடாக இருக்கும்போதே ஊற்றிப் பிரிட்ஜில் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் நுரைக்கத் தொடங்கும், இறுக மூடிய பாட்டில் வெடிக்கவும் கூடும். அடியில் கற்கண்டுத் தூள் மாதிரி படிவது திராட்சையிலேயே உள்ள உப்பு, கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிட வேண்டாம், தெளிவை இறுத்துக்கொண்டால் போதும். கிறிஸ்மஸுக்கு 23ஆம் தேதி ஒரு முறை, புத்தாண்டுக்கு 30ஆம் தேதி ஒரு முறை என்று பிரித்துச் செய்வது நல்லது.

பலகாரத்தில் பிளம் கேக்கைவிடக் கைப்பழக்கம் கேட்பது அச்சு முறுக்கு. பச்சரிசி மாவு அரை கிலோ, மைதா 100 கிராம், பொடித்த சர்க்கரை 200 கிராம், முட்டை 2, ஒரு தேங்காயின் முதல் பால், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் எள். கரண்டியின் பின்புறத்தில் படியும் பதம் வேண்டும். அச்சை எண்ணெயிலேயே சூடாக்கி, மாவில் முக்கால் உயரம்தான் தோய்க்க வேண்டும். முழுக்க முக்கினால் மாவு மேலே மூடிக்கொண்டு கழன்று வராது. அச்சு சூடு போதாவிட்டால் மாவு பிடிக்காது, அதிகமானால் சட்டென்று உதிரும். மழை நாளில் ஆறியதும் உடனே டப்பாவில் போட்டு மூட வேண்டும், பத்து நிமிடம் விட்டால் நமுத்துப்போகும். ஆயர் வீட்டில் கேக்குக்கு உலர்பழத்தை ரம்மில் ஊறவைப்பதில்லை, ஆரஞ்சுச் சாற்றில்தான். அதனால் ஊறிய பழத்தைப் பிரிட்ஜிலேயே வைத்து ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும்.

சபையார் கொண்டுவரும் கேக்குகள் 24, 25இல் மேசை நிறையக் குவியும். பெட்டி மேல் கொடுத்தவர் பெயரையும் தேதியையும் எழுதி, நோட்டிலும் குறித்துக்கொண்டால் நன்றி சொல்ல விட்டுப்போகாது. கிரீம் கேக்கை அன்றைக்கே கோயில் பணியாளர், காவலாளி, துப்புரவுப் பணியாளர் வீடுகளுக்கு அனுப்பிவிட வேண்டும். பிளம் கேக் காற்றுப்படாமல் சுற்றி வைத்தால் தாங்கும், முதியோர் இல்லத்துக்கு 27, 28இல் கொடுக்கலாம். அனுப்பும் முன் பெட்டியில் எழுதிய பெயரை எடுத்துவிட மறக்கக் கூடாது.

24 இரவு மெழுகுவர்த்தி ஆராதனை, 25 அதிகாலை 4.30 ஆராதனை, காலை இரண்டாம் ஆராதனை, பிறகு ஆஸ்பத்திரியில் இருப்பவர்களைப் பார்ப்பது என்று போனால் ஆயர் வீடு திரும்பப் பிற்பகல் 2 ஆகும். பிள்ளைகள் புதுத்துணியோடு பசித்துக் காத்திருப்பார்கள். 24 காலையிலேயே குழம்பைச் செய்து பிரிட்ஜில் வைத்துவிட்டால் 25 மதியம் சோறு வடிப்பதோடு முடியும். நாடகத்தில் மேய்ப்பன் வேஷத்துக்கு ஆள் குறைந்தால், வாத்தியம் தூக்க ஆள் இல்லாவிட்டால், “பாஸ்டர் பையன்தானே” என்று கூப்பிடுவது எல்லாச் சபையிலும் உண்டு. ஒரு பிள்ளைக்கு ஒரு நிகழ்ச்சி போதும் என்று அப்பாவே சொல்ல வேண்டும், அம்மா சொன்னால் எடுபடாது. இந்த வீட்டின் சொந்தக் கிறிஸ்மஸ் 26ஆம் தேதிதான். அன்று மரணமும் ஆஸ்பத்திரியும் தவிர வேறெதற்கும் கூப்பிட வேண்டாம் என்று முந்தின ஞாயிறே செயலர் அறிவித்துவிடலாம். அறிவிப்பை ஆயர் வாசிக்கக் கூடாது, செயலர்தான் வாசிக்க வேண்டும். அப்போதுதான் அது சபை கொடுத்த நாளாகும்.

டிசம்பரில் அடக்க ஆராதனைகளும் வரும். மழை பெய்திருந்தால் கீழ்ப்பாக்கத்திலோ காசிமேட்டிலோ குழியில் நீர் ஊறும். வண்டி கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒருவரை அனுப்பி, தண்ணீரை இறைக்கவும் நிற்கும் இடத்தில் பலகை போடவும் சொல்ல வேண்டும். காலையில் அடக்கம், மாலையில் ஞாயிறு பள்ளிக் கிறிஸ்மஸ் விழா என்று அமையும் நாளில் நடுவில் ஒரு மணி நேரமாவது ஆயரைத் தனியாக விடுவது வீட்டாரின் கடமை. போனை வேறொருவர் எடுத்தாலே போதும்.

31 இரவு ஆராதனைக்கு அக்கம்பக்கத்துப் பிற மதத்தாரும் குடும்பமாக வருவார்கள். புத்தாண்டுக்கான வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை சபைக் கணக்குக்கு மேல் கால் பங்கு கூடுதலாக அச்சடிக்க வேண்டும். நள்ளிரவுக்குப் பின் அட்டை தீர்ந்துபோனதாகச் சொல்லி யாரையும் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. பிள்ளைகள் கோயிலிலேயே தூங்கிவிடுவார்கள், ஒரு போர்வையும் பாயும் வெஸ்ட்ரியில் (ஆயர் அங்கி மாற்றும் அறையில்) இருக்கட்டும்.

ஜனவரி 6க்குப் பிறகு ஸ்டாரை இறக்கி, வயரைத் தனியாகச் சுற்றி, பல்பைக் கழற்றித் துணியில் பொதிந்து வைத்தால் அடுத்த ஆண்டும் எரியும். பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போவதானால் ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, அதாவது நவம்பர் நடுவில். நெல்லைப் பக்கம் போகும் வண்டிகளில் அன்றைக்கே இடம் தீர்ந்துவிடும். டிக்கெட் போட்ட கையோடு அந்த ஞாயிறு ஆராதனை நடத்த ஓய்வுபெற்ற ஆயர் ஒருவரிடமும் பேசி வைத்து, மூன்றாம் ஓலை வாசிக்க வேண்டியவர்களின் பட்டியலை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.