27-ஆம் பைட்டைத் துரத்திய கதை

எங்கள் குழுவின் இரவு பில்டு (மூல நிரலைத் தொகுத்து மென்பொருளாக்கும் வேலை) முடிந்ததும் ஒரு சிறு ஸ்கிரிப்ட், நடந்ததையெல்லாம் பதிந்துவைக்கும் லாக் கோப்பைப் படிக்கும். ': எரர்:' என்ற தொடர் உள்ள வரிகளைத் திரட்டிக் காலையில் எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பும். பில்டு சர்வரைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றிய பிறகு அந்த மின்னஞ்சல் பொய் சொல்லத் தொடங்கியது. பில்டு தோற்றிருக்கும்; மின்னஞ்சலோ பிழை எதுவும் இல்லை என்று அறிவிக்கும். லாக்கை டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் எழுத்துத் திரையில்) விரித்துப் பார்த்தால் 'எரர்' என்ற சொல் கண்ணைப் பறிக்கும் சிவப்பில் நிற்கிறது. அதையே 'கிரெப்' கட்டளையால் தேடினால் அகப்படவில்லை.

'கேட்' கட்டளைக்கு, மறைந்த எழுத்துகளையும் காட்டும் '-வி' கொடுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்துவிட்டது. கோப்புப் பெயரும் வரி எண்ணும் ஒரு முக்காற்புள்ளியும் வருகின்றன. அதன் பின் ^[[எம்^[[கே, ஓர் இடைவெளி, ^[[01;31எம்^[[கே (இதில் ^[ என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரே பைட்டைக் குறிக்கும்). அதற்கும் அப்புறம்தான் 'எரர்:'. ஜிசிசி கம்பைலர் வண்ணத்தில் எழுதும்போது இப்படித்தான் எழுதும். முக்காற்புள்ளிக்கும் 'எரர்' என்ற சொல்லுக்கும் நடுவே, இடைவெளியையும் சேர்த்து, 18 பைட்டுகள் ஒளிந்திருக்கின்றன. கண்ணுக்கு அவை நிறம். தேடும் நிரலுக்கு அவை எழுத்துகள்.

டெர்மினலில் தெரியும் நிறம் என்பது எழுத்தோடு எழுத்தாகவே பயணிக்கும் கட்டளை. 27 என்ற எண்ணுள்ள எஸ்கேப் பைட், ஒரு சதுர அடைப்பு, சில எண்கள், முடிவில் சிறிய 'எம்': இவ்வளவுதான் அது. 30 முதல் 37 வரை எழுத்தின் நிறம், 40 முதல் 47 வரை பின்னணி, 0 என்றால் எல்லாம் பழைய நிலைக்கு. 1978-இல் வந்த விடி100 முனையம் இந்த எஸ்கேப் வரிசை முறையைப் பரவலாக்கியது. வேடிக்கை என்னவென்றால் அந்த முனையத்துக்கு நிறமே கிடையாது. தடித்த எழுத்து, அடிக்கோடு, சுட்டியை (கர்சரை) நகர்த்துதல் ஆகியவற்றுக்குத்தான் அதில் இந்த வரிசைகள் பயன்பட்டன.

நல்ல நிரல் நிறம் பூசுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்கும்: என் வெளியீடு போய்ச் சேருவது டெர்மினலுக்கா, கோப்புக்கா? யுனிக்ஸ் குடும்பத்தில் 'இஸ்ஏடிடிஒய்' என்ற செயற்கூறு இதற்கு விடை தரும். கட்டளைகளில் நிறத்துக்கு 'ஆட்டோ' என்று எழுதியிருந்தால் நிரல் இந்தக் கேள்வியைக் கேட்கும். 'நெவர்' என்றால் நிறமே இல்லை. 'ஆல்வேஸ்' என்றால் கேள்வி கேட்காமல் பூசிவிடும். எங்கள் லாக் ஒரு கோப்பு. அதற்குள் நிறம் வந்திருக்கிறது என்றால் ஒன்று நிரலிடம் யாரோ 'ஆல்வேஸ்' என்று சொல்லியிருக்க வேண்டும், அல்லது அதை ஏமாற்றியிருக்க வேண்டும். எங்கள் சர்வரில் இரண்டும் நடந்திருந்தன.

குழுவில் முதலில் எழுந்த யோசனை, லாக்கை, எழுத்துகளைத் தேடி மாற்றும் 'செட்' கட்டளையால் கழுவிவிடலாம் என்பது. எஸ்கேப், சதுர அடைப்பு, எண்களும் அரைப்புள்ளிகளும், இறுதியில் 'எம்': இந்த அமைப்பை நீக்கும் ஒற்றை வரி எங்கும் கிடைக்கும். அதை ஓட்டினோம். 'எம்'மில் முடிந்தவை போயின. 'கே'யில் முடிந்தவை நின்றன. அந்த 'கே' நிறமே அல்ல. வரியின் மிச்சத்தை அழி என்ற கட்டளை. பின்னணி நிறம் வரி ஓரம் வரை வழிந்துவிடாமல் இருக்க ஜிசிசியும் கிரெப்பும் ஒவ்வொரு நிறக் குறியோடும் அதைச் சேர்த்து அனுப்புகின்றன. முடிவெழுத்து எதுவாக இருந்தாலும் நீக்கும்படி அமைப்பை விரித்த பிறகு லினக்ஸில் சரியானது. மேக் கணினி வைத்திருந்த சக ஊழியருக்கு அப்போதும் வேலை செய்யவில்லை. எஸ்கேப் பைட்டை எண்மூலமாகக் குறிக்கும் சுருக்கம் லினக்ஸில் உள்ள குனு செட்டுக்குப் புரிந்தது, அவர் கணினியில் இருந்த பிஎஸ்டி வழிவந்த செட்டுக்குப் புரியவில்லை. கட்டளைகளை இயக்கும் ஷெல்லிடமே $'\033' என்று (033 என்பது 27-இன் எண்ம வடிவம்) எழுதி, உண்மையான பைட்டாக மாற்றித் தரச்சொன்னால் இரண்டிலும் ஓடும்.

ஆனாலும் கழுவும் வழி எனக்கு ஒப்பவில்லை. முன்னேற்றப் பட்டைகள் சுட்டியை மேலே நகர்த்தி, பழைய வரியின் மேலேயே எழுதுகின்றன. குறிகளை மட்டும் நீக்கினால் அரைகுறை விழுக்காடுகள் வரிசையாக மிஞ்சும். சில கருவிகள் எழுத்துக்குள் இணைப்புகளைப் பொதிந்து அனுப்பும் வரிசை வேறு அடைப்பில் தொடங்கும்; நம் அமைப்பில் அது சிக்காது. கூரை ஒழுகும் இடத்தை விட்டுவிட்டுக் கீழே பாத்திரம் வைக்கிற வேலை இது.

ஆகவே பில்டு ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே ஒரு சோதனையை நுழைத்தேன். ஷெல்லில் [ -டி 1 ] (டி என்பது ஆங்கில t) என்ற சோதனை, ஒன்றாம் எண் வெளியீடு டெர்மினலா என்று சொல்லும். யாரும் இல்லாத இரவில், கோப்புக்குள் போய்க்கொண்டிருக்கும் பில்டு, தான் டெர்மினலில் இருப்பதாகப் பதில் சொன்னது. காரணம் டாக்கர் கட்டளையில் இருந்தது. பில்டு நடப்பது டாக்கர் உருவாக்கும் கன்டெய்னர் என்ற தனிச் சூழலுக்குள். அதை இயக்கும் வரியில் '-டி' (-t) என்ற கொடி, அதாவது கட்டளையின் போக்கை மாற்றும் விருப்பக் குறி, இருந்தது. யாரோ தம் மடிக்கணினியில் கையால் ஓட்டிய '-ஐடி' வரியிலிருந்து 'ஐ'யை மட்டும் எடுத்துவிட்டு சர்வருக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தக் கொடி கன்டெய்னருக்குள் ஒரு போலி டெர்மினலை உருவாக்கும். வெளியே 'டீ' கட்டளை எல்லாவற்றையும் கோப்பில் எழுதிக்கொண்டிருப்பது உள்ளே இருக்கும் நிரல்களுக்குத் தெரியாது.

அந்தக் கொடியை எடுத்ததும் நெடுநாள் புதிர் ஒன்றும் சேர்ந்து அவிழ்ந்தது. லாக்கில் ஒவ்வொரு வரி முடிவிலும் ^எம் என்ற குறி இருந்தது. விண்டோஸில் யாரோ கோப்பைத் தொட்டிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தோம். போலி டெர்மினல்தான் வரி முறிவு ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'கேரியேஜ் ரிட்டர்ன்' என்ற எழுத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தது; ^எம் என்பது அதுதான். வரியின் கடைசிச் சொல்லைத் தேடும் அமைப்புகள் தோற்றதற்கும் அதுவே காரணம். இன்னொன்று: போலி டெர்மினல் இருந்தால் இயல்பான வெளியீடும் பிழை வெளியீடும் ஒரே ஓடையாகக் கலந்துவிடும். கொடி போன பிறகு இரண்டையும் தனித்தனிக் கோப்பில் பிடிக்க முடிந்தது. 'கிட்' கட்டளை நீண்ட வெளியீட்டைப் பக்கம் பக்கமாகக் காட்டும் 'லெஸ்' வழியாகக் காட்டலாமா என்று முடிவுசெய்வதும் இதே டெர்மினல் கேள்வியை வைத்துத்தான். ஆகவே நிறத்தை மட்டும் அணைத்துவிட்டுப் போலி டெர்மினலை விட்டுவைப்பது பாதி வேலை.

பெரும்பகுதி நிறம் இதிலேயே போய்விட்டது. மிஞ்சியவற்றுக்காக 'நோ_கலர்' என்ற சூழல் மாறியை (இயங்கும் நிரல்கள் படித்துக்கொள்ளும் பெயரிட்ட மதிப்பு) வைத்தேன். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், நடுவில் அடிக்கோட்டுடன் எழுத வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் ஒவ்வொரு கொடியைத் தேடி அலைய வேண்டாம், ஒரே பெயரை எல்லோரும் மதிப்போம் என்று 2017-இல் முன்வைக்கப்பட்ட வழக்கம் அது. அந்த மாறி இருந்து, அதன் மதிப்பு வெறுமையாக இல்லாவிட்டால் நிறம் சேர்க்கக் கூடாது. மதிப்பு என்ன என்பது பொருட்டல்ல. 0 என்று வைத்தால்கூட அணைந்துவிடும் என்பதைப் புதியவர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது. கட்டாயச் சட்டம் எதுவும் இல்லை. கருவியை எழுதியவர்கள் மதித்தால் உண்டு.

மாறியை வைத்த அன்றிரவே லாக்கில் புதிய எச்சரிக்கை ஒன்று வந்தது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை ஓட்டும் நோட் ஜேஎஸ் சொன்னது: 'ஃபோர்ஸ்_கலர்' வைக்கப்பட்டிருப்பதால் 'நோ_கலர்' புறக்கணிக்கப்படுகிறது. எனக்கு மிகவும் பிடித்த எச்சரிக்கைச் செய்தி இதுவாகத்தான் இருக்கும். எது வென்றது, எதனால் வென்றது என்று இரண்டையும் ஒரே வரியில் சொல்லிவிட்டது. கன்டெய்னர் படிமத்தை உருவாக்கும் கோப்பில் தேடினால் 'ஃபோர்ஸ்_கலர்' 1 என்று இருந்தது. லாக்கை உலாவியில் பார்ப்பவர்களுக்கு நிறம் தெரிய வேண்டும் என்று சேர்த்த வரி. படிமத்துக்குள் இருப்பதால் அதைப் பயன்படுத்தும் எல்லா பில்டுகளுக்கும் அது பரவியிருந்தது. சூழல் மாறிகளின் தொல்லையே இதுதான்: வைத்தவர் ஒரு நோக்கத்தோடு வைப்பார், கேட்பவை நூறு நிரல்களாக இருக்கும்.

அதை நீக்கியதும் நோட் பக்கம் அடங்கியது. பைத்தான் சோதனைகளை ஓட்டும் பைடெஸ்ட்டும் அதே இரண்டு மாறிகளைக் கேட்கும்; ஆனால் அதில் 'நோ_கலர்'தான் வெல்லும் என்பதால் அது முன்பே அடங்கியிருந்தது. ஜிசிசி மட்டும் அசையவில்லை, சிவப்பும் ஊதாவுமாகத் தொடர்ந்தது.

டெர்மினல் இல்லை, கட்டாயப்படுத்தும் மாறியும் இல்லை. அப்படியானால் கம்பைலரிடம் நேரடியாகவே யாரோ சொல்லியிருக்க வேண்டும். பில்டை எப்படி நடத்துவது என்று விவரிக்கும் சீமேக் கோப்பில் '-எஃப்டயக்னாஸ்டிக்ஸ்-கலர்=ஆல்வேஸ்' என்ற கொடி இருந்தது. 'நோ_கலர்' வழக்கமே கட்டளை வரியில் வெளிப்படையாகக் கேட்டதற்கு வழிவிட வேண்டும் என்கிறது. ஆகையால் அந்த மாறியைக் குறை சொல்லிப் பயனில்லை. கொடியைச் சேர்த்தவருக்கும் நியாயமான காரணம் இருந்தது. எங்களில் பலர் நிஞ்ஜா என்ற பில்டு கருவியைப் பயன்படுத்துகிறோம். ஒரே நேரத்தில் ஓடும் பல கம்பைலர்களின் செய்திகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் இருக்க, நிஞ்ஜா ஒவ்வொன்றின் வெளியீட்டையும் பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கடத்தும் குழாய்) வழியாக வாங்கி வைத்திருந்து மொத்தமாகக் காட்டும். கம்பைலர் பார்ப்பது பைப்பை. எனவே நிறத்தை அணைத்துக்கொள்கிறது. மடிக்கணினியில் பிழைகள் சாம்பல் வரிகளாக ஓடுவது பொறுக்காமல்தான் 'ஆல்வேஸ்' வந்திருக்கிறது. தன் வெளியீடு டெர்மினலுக்குப் போகாதபோது நிஞ்ஜாவே அந்தக் குறிகளை உரித்துவிடும் என்பதால் அவர்களுக்கு எந்தத் தீங்கும் தெரியவில்லை.

சர்வரில் ஓடுவது நிஞ்ஜா அல்ல, 'மேக்' (make) என்ற பழைய பில்டு கருவி. அது நடுவில் நின்று எதையும் உரிப்பதில்லை; கம்பைலர் எழுதியது அப்படியே கோப்புக்குப் போகிறது.

கொடியை நீக்கும் மாற்றம் மறுஆய்வுக்குப் போனது. எதிர்பார்த்தபடியே எதிர்ப்பு வந்தது, அதிலும் நியாயம் இருந்தது. நிறமில்லாத வார்ப்புருப் பிழைச் செய்தியை சி++ எழுதாதவர் யாரும் கற்பனை செய்துகொள்ள முடியாது. கடைசியில் பொதுக் கோப்பிலிருந்து கொடி போயிற்று. நிறம் வேண்டியவர்கள் சீமேக் 3.24 முதல் கிடைக்கும் 'சீமேக்_கலர்_டயக்னாஸ்டிக்ஸ்' என்பதைத் தத்தம் இயந்திரத்தில் சூழல் மாறியாக வைத்துக்கொள்வது என்று முடிவானது. அந்த மாற்றம் இணைக்கப்படும் வரை சர்வரில் 'ஜிசிசி_கலர்ஸ்' என்ற மாறியை வெற்றுச் சரமாக வைத்து ஓட்டினேன். 'ஆல்வேஸ்' என்று சொல்லியிருந்தாலும் அது நிறத்தை அணைத்துவிடும். அவசரத்துக்கு அருமையான வழி.

டெர்மினல் வகையைக் குறிக்கும் 'டெர்ம்' மாறியை 'டம்' (dumb) என்று வைத்தால் எல்லாம் தீரும் என்று ஒருவர் சொன்னார். 'ஆட்டோ'வில் இருக்கும் பல நிரல்கள் அதை மதிக்கும், ஜிசிசி உட்பட. 'ஆல்வேஸ்' என்று கேட்டுக்கொண்ட நிரல் அதைச் சட்டை செய்யாது. எங்களிடம் மிஞ்சியிருந்த சிக்கலோ முழுக்க 'ஆல்வேஸ்' பக்கம் இருந்தது.

வழியில் மற்ற திட்டங்களுக்கும் குறித்துக்கொண்டவை உண்டு. ஜாவா பில்டு கருவியான மேவனுக்கு '-பி' (-B) என்ற தொகுதி முறைக் கொடியே நிறத்தை அணைத்துவிடும். அதே போன்ற கருவியான கிரேடிலுக்கு கன்சோல் வகையை 'பிளெய்ன்' என்று கொடுத்தால் முன்னேற்றப் பட்டையும் சேர்ந்து போகும். டாக்கர் பில்டுக்கும் முன்னேற்றக் காட்சியை 'பிளெய்ன்' ஆக்கலாம். ரஸ்ட் மொழியின் பில்டு கருவியான கார்கோவுக்கு 'கார்கோ_டெர்ம்_கலர்' மாறியில் 'நெவர்'. பைத்தான் 3.13 முதல் பிழைத் தடங்களே இயல்பாக நிறத்தில் வருகின்றன. அதற்கெனத் தனியாக 'பைத்தான்_கலர்ஸ்' மாறி இருக்கிறது. கிரெப்புக்கு மாற்றுப்பெயர் வைத்திருப்பவர்கள் அதில் 'ஆட்டோ' இருக்கிறதா 'ஆல்வேஸ்' இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. 'ஆல்வேஸ்' இருந்தால் ஒரு கிரெப்பின் விடையை இன்னொரு கிரெப்புக்கு அனுப்பும்போது, இரண்டாவது கிரெப் முதலாவதின் நிறக் குறிகளுக்குள் தடுமாறும்.

உலாவியில் லாக் பார்ப்பவர்களுக்கு மாற்று ஏற்பாடு தேவைப்பட்டது. இப்போது அந்தப் பக்கமே 'எரர்' வரிகளைக் கண்டுபிடித்துப் பின்னணியைச் சிவப்பாக்குகிறது. சாதாரண எழுத்தாக வரும் கோப்பில் தேடுவது எளிது என்பதால் அதற்குச் சில வரிகளே போதுமாயிருந்தன. என் டெர்மினல் வெள்ளைப் பின்னணி கொண்டது. 33-ஆம் எண் மஞ்சளில் வரும் எச்சரிக்கைகளை நான் இதுவரை படித்ததே இல்லை எனலாம். அவற்றையும் இந்தப் பக்கத்தில் கறுப்பு எழுத்தில் படிக்க முடிகிறது.

கடைசியாக, பில்டு முடியும் இடத்தில் ஒரு காவலும் போட்டேன். கிரெப்பிடம் $'\033' கொடுத்து லாக்கைத் தேடச்சொல்லும் ஒற்றை வரி அது. ஒரே ஓர் எஸ்கேப் பைட் இருந்தாலும் பில்டு தோற்றதாக அறிவித்துவிடும். முதலில் அகப்பட்டது எங்கள் குழுவிலேயே எழுதிய வெளியீட்டு ஸ்கிரிப்ட். 'முடிந்தது' என்ற சொல்லைப் பச்சையில் காட்ட, டெர்மினலா என்று கேட்காமலே குறிகளை நேராக அச்சிட்டுக்கொண்டிருந்தது. அதிலும் [ -டி 1 ] சோதனையைச் சேர்த்த பிறகு காவல் அமைதியாக இருக்கிறது. காலை மின்னஞ்சலில் பிழைகள் வழக்கம்போல் வருகின்றன.