சிப்ஸ் எண்ணெயில் ஓடும் ஜெனரேட்டர்

மார்த்தாண்டத்தில் உள்ள என் வெல்டிங் பட்டறையின் பாதி வேலை வெளியிடங்களில்தான் நடக்கிறது. 5 கேவிஏ டீசல் ஜெனரேட்டர், வெல்டிங் மெஷின், கிரைண்டர், டிரில் ஆகியவற்றைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்கும் மலையோர ரப்பர் தோட்டங்களுக்கும் செல்கிறேன். ஓராண்டாக அந்த ஜெனரேட்டர், நேந்திரங்காய் சிப்ஸ் பொரித்துக் கழித்த தேங்காய் எண்ணெயிலிருந்து தயாரான பயோடீசலில் ஓடுகிறது.

கழிவெண்ணெயை அப்படியே டேங்கில் ஊற்றுவது வேறு, பயோடீசல் வேறு. எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு கெட்டியானது. இன்ஜெக்டரில் சரியாகத் தெளிக்காமல் கரியாகப் படியும். மெத்தனாலும் காஸ்டிக் சோடா போன்ற காரமும் சேர்த்துச் சூடாக்கிக் கலக்கும்போது கிளிசரின் அடியில் பிரிந்துவிட, மேலே நிற்கும் மெல்லிய திரவமே பயோடீசல். மெத்தனால் கண்பார்வையையும் உயிரையும் பறிக்கக்கூடிய நஞ்சு என்பதால் நான் அதைத் தொடுவதில்லை. உரிமம் பெற்றுத் தயாரிப்பவரிடம் வாங்குகிறேன்.

வாங்கும் ஒவ்வொரு கேனிலிருந்தும் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் அதே அளவு தண்ணீருடன் சேர்த்து நன்றாகக் குலுக்கி, அரை மணி நேரம் அசையாமல் வைப்பேன். மேலே மஞ்சள் எரிபொருள், கீழே தண்ணீர், நடுவே கோடு கிழித்தாற்போன்ற எல்லை என்று பிரிந்து நின்றால் சரி. இடையில் மோர் போல வெள்ளை அடுக்கு தங்கினால் சோப்போ, மாறாத எண்ணெயோ மிச்சமிருக்கிறது என்று பொருள். அந்தக் கேனைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

தொடக்கத்தில் எனக்குச் சொல்லித்தர ஆளில்லை. தேங்காய்ப்பட்டணத்தில் ஒரு விசைப்படகின் கைப்பிடிக் கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது ஜெனரேட்டர் எஞ்சின் திணறி நின்றது. ஃபில்டரைக் கழற்றினால் தார் போன்ற கருஞ்சேறு அப்பியிருந்தது. பல ஆண்டு டீசல் டேங்கில் படியவிட்ட அழுக்கையெல்லாம் பயோடீசல் கரைத்துக் கொண்டுவந்திருந்தது. ஆகவே மாறுவோர் முதலில் டேங்கைக் கழுவி, 20 விழுக்காடு பயோடீசல் கலந்த டீசலில் தொடங்கி, மாற்று ஃபில்டர் இரண்டைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். எரிபொருள் ஹோஸும் சில மாதங்களில் உப்பி, நகம் பட்டாலே குழியும் அளவுக்கு இளகியது. இயற்கை ரப்பர் இதற்குத் தாங்காது. இப்போது வைட்டான் என்ற செயற்கை ரப்பர் ஹோஸ் போட்டிருக்கிறேன்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். அதன் பயோடீசலோ நம் ஊர் மார்கழிக் குளிரிலும் தண்ணீராகவே இருக்கும். வீட்டில் எண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கும் காலையிலும் ஜெனரேட்டர் முதல் இழுப்பிலேயே பிடிக்கிறது. டீசலைவிட ஆற்றல் சற்றுக் குறைவு என்பதால் எரிபொருள் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகிறது, ஆனால் புகை குறைவு. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஈரத்தை இழுக்கும் எரிபொருளைக் கேன் நிறைய, மூடியை இறுக்கி வைக்கிறேன், 2 மாதத்துக்கு மேல் வைப்பதில்லை.