கால் மாத்திரை

3 பிப்ரவரி 2024, சனி

பார்க்கின்சனுக்கான பிரமிபெக்ஸோல்: காலை அரை, மதியம் அரை, இரவு அரை. ஆக ஒன்றரை மில்லிகிராம். தீபாவளியின்போது இதுவே மூன்று.

பொத்தான் ஏழும் போட 58 நொடி.

இன்று காருண்யா, கேரள லாட்டரிக் குலுக்கல்.

5 பிப்ரவரி, திங்கள்

தூக்கம் இல்லை. எழுதவும் ஒன்றும் இல்லை.

8 பிப்ரவரி, வியாழன்

எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள் அப்பா என்று ஓசூரிலிருந்து போனில் உபதேசம். முப்பத்துநான்கு ஆண்டுகள் பிளஸ் டூ பையன்களின் வேதியியல் பதிவேட்டைத் திருத்தியவனுக்கு இதை இவன் சொல்ல வேண்டுமா? முதல் தேதியிலேயே தொடங்கிவிட்டேன். காலை சிண்டோபா (மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரை) போட்டு ஒரு மணி நேரம் கழித்து மூன்று அளவுகள். சட்டைப் பொத்தான் ஏழையும் போட எத்தனை நொடி. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இருபது முறை சேர்த்துத் தட்ட எத்தனை நொடி. ஒரு தாளில் கொசுவர்த்திச் சுருள் போல ஒரு கோடு.

இந்தப் பிரமிபெக்ஸோல் குறையக் குறைய மூன்றும் கெட வேண்டும். நோய் தலைதூக்குகிறது என்றால் கைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். சுருள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். முதல் தேதி வரைந்ததற்கும் இன்று வரைந்ததற்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பின் எதுதான் கெடுகிறது? மதியம் இரண்டரைக்கு மேல் நெஞ்சுக்குள் யாரோ ஈரத் துணியைப் பிழிகிறார்கள். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தும் பனியன் நனைகிறது. அதற்கு நான் இன்னும் அளவுகோல் கண்டுபிடிக்கவில்லை.

9 பிப்ரவரி, வெள்ளி

நிர்மல் குலுக்கல். வாசலில் நின்றேன். பாலக்காட்டுச் சாலையில் வீடு வாங்கியது என் குற்றம்.

12 பிப்ரவரி, திங்கள்

இன்று முதல், வேளைக்குக் கால் மில்லிகிராம். 61 நொடி.

சரசுவின் கை வெறுமையாக இருக்கிறது. பாத்திரம் கழுவும்போது சத்தமே வருவதில்லை. முன்பெல்லாம் வளையல் குழாயில் படும்.

15 பிப்ரவரி, வியாழன்

மோசம்.

16 பிப்ரவரி, வெள்ளி

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன். பிற்பாடு நானே மறுத்துவிடுவேன்.

மதியம் இரண்டேமுக்கால். செத்துவிடுவேன் என்று தோன்றியது. வலி ஒன்றும் இல்லை, பயம் மட்டும். எதைப் பார்த்து என்று கேட்டால் சுவரைப் பார்த்து. குளித்து வந்தவனைப் போலச் சட்டை ஒட்டிக்கொண்டது. கழற்றிப் பிழிந்தேன், நிஜமாகவே சொட்டியது. டாக்டர் அம்மாவிடம் சரசு போனில் பேசினாள். நோய் முற்றியதா, மருந்து விட்டதன் கோளாறா என்று பார்க்க ஒரு வழி உண்டாம்: சிண்டோபா ஒன்று கூடுதலாகக் கொடுத்துப் பார்ப்பது. டோபமைன் போதாததுதான் காரணம் என்றால் அதில் அடங்கிவிட வேண்டும். போட்டேன். ஒரு மணி நேரத்தில் கை பஞ்சு போல லேசாகிவிட்டது. விரல் தட்டியது 9 நொடி, இந்த மாதத்தில் இதுதான் குறைவு. பயம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

அழகான சோதனை. எனக்கு நடக்கவில்லை என்றால் கைதட்டியிருப்பேன்.

மூன்றரைக்குத் தானாக இறங்கியது. அதற்குள் திருவனந்தபுரம் கோர்க்கி பவனில் அன்றைய குலுக்கல் முடிந்திருக்கும். இதை டாக்டர் அம்மாவிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

18 பிப்ரவரி, ஞாயிறு

மகன் ஒரு கட்டுரையை அச்சிட்டு அனுப்பியிருக்கிறான். 2010-இல் நியூயார்க் ஆய்வாளர்கள் ராபினாக், நிரன்பர்க் எழுதியது. பிரமிபெக்ஸோல் வகை மருந்தைக் குறைத்த 26 பேரைப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து பேருக்கு இந்தப் பயமும் வியர்வையும் ஏக்கமும் வந்திருக்கின்றன. லெவோடோபா கொடுத்தும் அடங்கவில்லை, பழைய மருந்தைத் திரும்பக் கொடுத்தால்தான் அடங்கியது. கோகெய்ன் விட்டவனின் அவஸ்தைக்கு ஒப்பாம். நான் வாழ்நாளில் தொட்ட வெள்ளைப் பொடி சாக்பீஸ் ஒன்றுதான்.

அடுத்த வரியை அவன் மஞ்சள் பேனாவால் கோடிட்டிருக்கிறான். அந்த ஐவருக்குமே மருந்தின்போது ஏதோ ஒரு வெறி பிடித்திருந்தது. சூதாட்டம், வாங்கிக் குவிப்பது, அந்த மாதிரி. மற்ற 21 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. எவ்வளவு அதிகம் தின்றோமோ அவ்வளவு கடுமை.

மஞ்சள் கோடு தேவையில்லாதது. எனக்குப் படிக்கத் தெரியும்.

19 பிப்ரவரி, திங்கள்

வின்-வின். வாசலுக்குப் போகவில்லை. மாடிக்குப் போனேன். அங்கிருந்தும் பஸ் தெரிகிறது.

23 பிப்ரவரி, வெள்ளி

ஒரு மருந்து பழக்கமாகுமா என்பதை முதலில் எலிக்குக் கொடுத்துத்தான் பார்க்கிறார்களாம். வாரக்கணக்கில் கொடுத்து, ஒரு நாள் திடீரென்று நிறுத்தி, எடை குறைகிறதா, தீனி எடுக்கிறதா, உடல் சூடு எப்படி என்று குறித்துக்கொண்டே இருப்பார்கள். இன்னொரு சோதனையில் எலி நெம்புகோலை அழுத்தினால் மருந்து இறங்கும். அது எத்தனை முறை அழுத்துகிறது என்று எண்ணுவார்கள்.

எலிக்குக் கேரள எல்லை வாளையாரில் லாட்டரிக் கடை இல்லை.

போன ஓணம் பம்பர் 25 கோடி வாளையாரில் விற்ற சீட்டுக்குத்தான் விழுந்தது. தமிழ்நாட்டுக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து வாங்கியது. அந்த வாரம் நானும் அதே சாலையில் மூன்று தடவை போய்வந்தேன். க.க.சாவடி தாண்டியதும் வருமே ஒரு காற்று, மலை இடுக்கு வழியாக. அந்தக் காற்று முகத்தில் பட்டதும் எனக்குக் கிடைத்துவிட்டது போலவே இருக்கும். சீட்டு வாங்கும் முன்பே. இதை யாரிடமும் விளக்க முடிந்ததில்லை. பணத்துக்காகப் போனேன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள்.

2003 வரை தமிழ்நாட்டிலேயே லாட்டரி இருந்தது. தெருவுக்கு நான்கு கடை. ஒரு சீட்டு வாங்கியவனில்லை.

4 மார்ச், திங்கள்

வேளைக்கு 0.125. கடையில் அந்த அளவு இல்லை, அரை மில்லிகிராம் மாத்திரைதான் இருக்கிறதாம். டாக்டர் அம்மாவைக் கேட்டு, பிளேடால் நான்காக வெட்டுகிறேன். முதல் வெட்டு நேராக வருகிறது. இரண்டாவது வெட்டில் ஒரு பக்கம் உதிர்ந்துவிடுகிறது. பார்க்கின்சன் கைக்கு இந்த வேலையைக் கொடுப்பதே ஒரு நகைச்சுவை. இனி சரசு வெட்டுவாள்.

உதிர்ந்த பொடியை விரலால் ஒற்றி நாக்கில் வைத்துக்கொண்டேன். அவள் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

5 மார்ச், செவ்வாய்

பார்த்திருக்கிறாள்.

11 மார்ச், திங்கள்

மதியம் ஒரு கால் மாத்திரை மட்டும். 57 நொடி. இத்தனை மாத மாத்திரையில் மிச்சம் இது ஒன்றுதான். இதைத்தான் மனம் காலையிலிருந்து சுற்றுகிறது.

13 மார்ச், புதன்

ஒரு யோசனை. இந்தக் கால் மாத்திரை எனக்கு உண்மையிலேயே வேண்டியிருக்கிறதா, வேண்டும் என்று நினைப்பதால் வேண்டியிருக்கிறதா? கண்ணைக் கட்டிக்கொண்டு பார்த்தால் தெரிந்துவிடும். சரசு அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ரூபாயைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் மாத்திரையை நசுக்கித் தேனில் குழைப்பாள். பூ விழுந்தால் அரிசி மாவைத் தேனில் குழைப்பாள். மணி ஒன்றுக்கு நான் நக்கிவிட்டு மூன்று மணிக்கு எது என்று சொல்வேன். அவள் தினசரிக் காலண்டரின் பின்பக்கம் எழுதி ஒளித்துவைப்பாள்.

"ஏனுங்க, இதற்கும் குலுக்கலா?" என்றாள். ஆனால் ஒப்புக்கொண்டாள்.

14 மார்ச், வியாழன்

மாவு என்றேன். நரகம்.

15 மார்ச்

மருந்து.

16 மார்ச், சனி

மருந்து. நிம்மதி. தேர்தல் தேதி வந்துவிட்டது, இங்கே ஏப்ரல் 19. இனி வாளையார்ச் சோதனைச் சாவடியில் ஐம்பதாயிரத்துக்கு மேல் வைத்திருப்பவனை நிறுத்திக் கேட்பார்கள். போன வருடம் அப்படி யாராவது என்னை நிறுத்தியிருக்கலாம்.

17 மார்ச்

மாவு. பனியன் இரண்டு.

18 மார்ச், திங்கள்

மாவு. சரசுவிடம் கத்தினேன்.

21 மார்ச், வியாழன்

எட்டு நாள். காலண்டர் தாள்களைப் பிரித்தோம். எட்டில் எட்டும் சரி! குருட்டு அதிர்ஷ்டத்தில் எட்டும் சரியாக வர 256-இல் ஒரு வாய்ப்பு. உடம்புக்குத் தெரிகிறது. பழகித்தான் போயிருக்கிறது. இது மனப்பிரமை இல்லை, என் குணக்கேடும் இல்லை. மகனுக்குப் போன் செய்து சொன்னேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இரவு ரசம் சாதம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

22 மார்ச், வெள்ளி

விடியற்காலை நாலரைக்கு விழித்துக்கொண்டேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

மாவு கொடுத்த நாள்களில் சரசு மதியம் படுக்கவில்லை. பூ தொடுக்கிறேன், கீரை ஆய்கிறேன் என்று என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மருந்து கொடுத்த நாள்களில் பாயை விரித்துத் தூங்கிவிட்டாள். நான் என் உடம்பைப் படிக்கவேயில்லை. அவளைப் படித்திருக்கிறேன். நாற்பத்தொரு ஆண்டுகளில் ஒரு பொய் சொல்லத் தெரியாதவளைச் சோதனைச்சாலை உதவியாளராக வைத்தது யார் தவறு?

பயம் வந்ததால் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாளா, அவள் உட்கார்ந்ததால் பயம் வந்ததா?

23 மார்ச், சனி

கலக்குவது இனி பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண். தாளும் அவளிடமே. சரசுவுக்கும் தெரியாது. ஆக இப்போது இரண்டு குருடர்கள் ஒரே திண்ணையில்.

26 மார்ச்

தெரியவில்லை. மாவு என்றேன்.

28 மார்ச், வியாழன்

ஒன்றுமே தெரியவில்லை. வெயில்தான் தெரிகிறது.

31 மார்ச், ஞாயிறு

எட்டில் நான்கு. நாணயமே என் இடத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம்.

அதிலும் மிக மோசமான நாள், 29-ஆம் தேதி, நிர்மல் நாள், பனியன் மூன்று, அன்று எனக்குக் கிடைத்தது மருந்து.

1 ஏப்ரல், திங்கள்

டாக்டர் அம்மாவிடம் இரண்டு பட்டியல்களையும் காட்டினேன். சிரிக்கவில்லை. கவனமாகப் படித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார்: என் வயதில் இந்த மருந்து பாதியாகக் குறையவே பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். ஒரு வேளையை விட்டு இரண்டு மணி நேரத்தில் என்ன தெரியும் சார்? நீங்கள் கீழே விழுந்தது மூன்றிலிருந்து. இப்போது நிற்பது கடைசிப் படியில். இந்தப் படி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

அளவீடு சரி, கணக்கு சரி, பியூரெட்டில் ஊற்றியது தவறான திரவம். எத்தனை பையன்களுக்குச் சிவப்பு மையால் இதே குறிப்பை எழுதியிருப்பேன்.

அப்படியானால் பிப்ரவரி 15? சட்டை சொட்டியது? அது இருந்தது என்றார். அதுதான் விடுபடும் அவஸ்தை, எல்லோருக்கும் வருவதில்லை, உங்களுக்கு வந்தது, சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும் என்றார். மூன்று மணிக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மூன்று மணிக்கு என்ன சார் என்றார்.

சொன்னேன். சரசு வெளியே மருந்து வாங்கப் போயிருந்தாள், அதனால் சொன்னேன். முதல் டாக்டர் மாத்திரையை எழுதும்போது இதைக் கேட்டிருந்தால் அப்போதும் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவர் கேட்கவில்லை. பெட்டிக்குள் இருந்த தாளில் இந்த எச்சரிக்கை பொடி எழுத்தில் இருந்தது. நான் படிக்கவில்லை.

2 ஏப்ரல்

கால் மாத்திரையும் இல்லை.

5 ஏப்ரல், வெள்ளி

59 நொடி. விரல் 11. சுருள் நன்றாக இருக்கிறது.

மதியம் பிரசார வண்டிகளின் இரைச்சல் தாங்காமல் பஸ் நிறுத்தத்து வேப்பமரத்தடியில் போய் நின்றேன். இரைச்சல்தான் காரணம் என்று எழுதுகிறேன். பாலக்காட்டு பஸ் வந்தது. நடத்துநருக்கு என்னைத் தெரியும். "என்ன சார், ஆளையே காணோம்?" என்று படியை விட்டு விலகி இடம் கொடுத்தார். கால் ஒன்று தூக்கிவிட்டேன். படியில் வைக்கவில்லை.

மனஉறுதி என்று எழுதிக்கொள்ள ஆசைதான். சட்டைப் பையில் பணம் இல்லை. துவைக்கும்போது எடுத்துவைத்தேன் என்கிறாள்.

7 ஏப்ரல், ஞாயிறு

தூங்கினேன். ஆறு மணி நேரம்.

8 ஏப்ரல், திங்கள்

60 நொடி. வின்-வின்.

வளையல் எந்த வட்டிக்கடையில் இருக்கிறது, எவ்வளவுக்கு என்று இன்றைக்கு அவளிடம் கேட்டுவிட வேண்டும். இப்போது மணி இரண்டு இருபது. பனியன் காய்ந்திருக்கிறது. மூன்று தாண்டட்டும், கேட்கிறேன்.